வெட்டு யாரைச் சேரும்?

சீட்டாட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்று நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "இலக்கியம் படிக்கிறவர்களுக்கு எதற்கய்யா சீட்டு?" என்று கேட்டார். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று நடு இரவு வரை சண்டை போடுகிற கூட்டம் நம்முடையது மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், சீட்டாடுகிறவர்கள் நமக்கு முன்பிருந்தே அதைச் செய்துவருகிறார்கள் என்று பதில் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. நீங்களாவது ஆகிறீர்களா பார்க்கலாம்.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே உள்ள ஓர் ஊரில் வளர்ந்தவன் நான். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும்தான் அந்த வட்டாரத்தின் பிழைப்பு. மழை பெய்தால் வேலை இருக்காது. வெயிலும் காய்ச்சலும்தான் வெடிக்கு உணவு, ஈரம் அதற்கு எமன். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் வீடுகளில் சீட்டுக்கட்டு வெளியே வரும். ஆண்கள் டீக்கடைக்குப் பின்னால் ரம்மி ஆடுவார்கள். வீட்டுக்குள் பெண்களும் பிள்ளைகளும் ஆடுவது கழுதை. சில ஊர்களில் அதையே 'ஆஸ்' என்பார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு பேர் என்றால் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. இஸ்பேடு ஆஸ் வைத்திருப்பவர் முதலில் அதைப் போட்டு இறங்குவார். மற்றவர்கள் அதே இனத்தில் ஒரு சீட்டுப் போடவேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் அந்தச் சுற்று செத்துப்போகும். சீட்டுகளைக் கவிழ்த்துக் கழிவில் சேர்த்துவிடுவார்கள், பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்து இறங்குவார். ஒருவரிடம் அந்த இனம் இல்லையென்றால் வேறு எந்தச் சீட்டையும் போடலாம். அதற்குப் பெயர் வெட்டு. வெட்டு விழுந்தால், இறங்கிய இனத்தில் பெரிய சீட்டு யாருடையதோ அவர் தரையில் கிடக்கும் அத்தனையையும் அள்ளிக்கொள்ளவேண்டும். கைச்சீட்டு தீர்ந்தவர் ஒவ்வொருவராக வெளியேறுவார்கள். கடைசி வரை கையில் சீட்டோடு இருப்பவர் கழுதை.

பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டு. ஆனால் இந்த 'வெட்டு' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வழக்குகள்! முதல் வழக்கு: வெட்டு விழுந்ததும் சுற்று நிற்கிறதா, அல்லது மீதிப்பேரும் போட்டு முடிக்கவேண்டுமா? நான் இஸ்பேடு ஆறு இறங்குகிறேன். அண்ணன் பத்துப் போடுகிறான். மூன்றாவது ஆள் வெட்டுகிறார். நான்காவது ஆளின் கையில் உள்ள ஒரே இஸ்பேடு ராஜா. சுற்று அங்கேயே நின்றால் அண்ணன் அள்ளவேண்டும். முடிக்கவேண்டும் என்றால் இன்னும் சீட்டே போடாத நான்காவது ஆள் தலையில் அது விழும். வெட்டியவர் ஒருவர்தான், விழுந்த சீட்டும் அதேதான். விதியை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆள் மாறிப்போகிறார்.

இரண்டாவது வழக்கு: முதல் சுற்றில் வெட்டு செல்லுமா? செல்லாது என்பது பொதுவழக்கு. இஸ்பேடு ஆஸ் வைத்திருப்பவர் அதைப் போட்டே தீரவேண்டும், தப்பிக்க வழியில்லாதவரைத் தண்டிப்பது முறையல்ல என்பது அதன் நியாயம். அப்படியென்றால் வெட்டுச் சீட்டுப் போட்டவருக்கு ஒரு வேண்டாத சீட்டு சும்மா கழிந்துபோகிறதே, அது மட்டும் முறையா என்று அண்ணன் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேட்பான். மூன்றாவது வழக்கை அப்புறம் சொல்கிறேன், அது என்னுடைய வழக்கு.

எங்கள் வீட்டில் இவற்றுக்கெல்லாம் நீதிபதி அத்தை. அப்பாவின் தங்கை. கணவரை இழந்தபின் எங்களோடுதான் இருந்தாள். பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற வேலை. தனித்தனி வெடிகளின் திரிகளைச் சேர்த்துச் சரவெடியாகப் பின்னுவது பெரும்பாலும் பெண்களின் வேலை, பின்னிய கணக்குக்குத்தான் கூலி. கண் வேறெங்கோ இருக்கும், விரல்கள் தாமே பின்னிக்கொண்டிருக்கும். சீட்டாடும்போதும் அப்படித்தான். கழிவுக்குப் போன சீட்டுகள் அத்தனையும் அவளுக்கு நினைவிருக்கும். ரம்மி வெறும் அதிர்ஷ்ட விளையாட்டல்ல, விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்திருப்பதற்கே ஒரு திறமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1968இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருப்பதைப் பிற்காலத்தில் படித்தபோது, எனக்கு அத்தையின் முகம்தான் தோன்றியது.

முதல் வழக்கில் அத்தையின் தீர்ப்பு தெளிவானது. "வெட்டு விழுந்தப்ப தரையிலயே இல்லாத சீட்டு மேல அது எப்படி விழும்?" வெட்டு என்பது ஒரு நொடியில் நடப்பது, அந்த நொடியில் தரையில் என்ன இருந்ததோ அதுதான் கணக்கு. எங்கள் தெருவில் அதன்பின் யாரும் மேல்முறையீடு செய்ததில்லை.

இந்த 'எந்த நொடி' என்ற கேள்வி கழுதைக்கு மட்டும் உரியதல்ல. கேரளத்தில் மிகவும் ஆடப்படும் இருபத்தெட்டு, யாழ்ப்பாணத்தவர்கள் ஆடும் 304 ஆகிய ஆட்டங்களில் துருப்பு எந்த இனம் என்பது கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். 304இல் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. இருபத்தெட்டில், கவிழ்த்த சீட்டைத் திறப்பதற்கு முன்னால் துருப்பு இனத்துச் சீட்டு தரையில் விழுந்தாலும் அது துருப்பாகாது, சாதாரணச் சீட்டுதான். திறந்த பிறகே அதற்கு வெட்டும் சக்தி. 'அப்போதே அது துருப்புதானே' என்று பின்னால் வாதாடினால் ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள்.

இப்போது என் வழக்கு.

1989ஆம் வருடத்து மழைக்காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பக்கம் தண்ணீர்க் கஷ்டம் எப்போதும் உண்டு. தெருமுனை அடிபம்பில் விடிவதற்கு முன் போய் வரிசையில் குடம் வைத்தால்தான் கிடைக்கும். ஆகவே எங்கள் வீட்டில் பணயம் காசோ தீப்பெட்டிப் படமோ அல்ல. இரவு ஆட்டத்தில் கழுதை ஆகிறவர் மறுநாள் விடியற்காலையில் எட்டுக் குடம் தண்ணீர் கொண்டுவரவேண்டும். அந்த இரவில் அண்ணனும் அடுத்த வீட்டு அக்காவும் வெளியேறிவிட்டார்கள். அத்தையிடம் ஒரு சீட்டு. என்னிடம் இரண்டு: இஸ்பேடு ஏழு, ஆர்ட்டின் நாலு. இறங்கவேண்டிய முறை என்னுடையது.

நான் இஸ்பேடு ஏழை இறங்கினேன். அத்தை இஸ்பேடு ராஜாவைப் போட்டாள். இனம் சேர்ந்துவிட்டது, சுற்று செத்தது. அத்தையின் கை காலி. என் கையில் ஆர்ட்டின் நாலு. நான் கழுதை. அண்ணன் சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

அப்போதுதான் நான் சட்டம் பேசினேன். "சுற்றைப் பிடித்தவர்தானே அடுத்து இறங்கவேண்டும்? அத்தைதான் பிடித்தாள். இறங்காமல் எப்படி எழுந்து போகமுடியும்? கழிவிலிருந்து ஒரு சீட்டை எடுத்து இறங்கவேண்டும்." வாதத்தில் ஓட்டையே இல்லை. பெரிய சீட்டுப் போட்டவர் இறங்கவேண்டும் என்று ஒரு விதி, கைச்சீட்டு தீர்ந்தவர் வெளியேறலாம் என்று ஒரு விதி. இரண்டும் ஒரே ஆளின் மேல் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் எது எதை ரத்து செய்யும் என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

ஆனால் முந்தைய வாரம் நானே அப்படிக் கடைசிச் சீட்டால் ஒரு சுற்றைப் பிடித்துவிட்டு எழுந்து போயிருந்தேன். யாரும் கழிவிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. எனக்கு அடுத்து இருந்த அக்கா இறங்கினாள், ஆட்டம் தொடர்ந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கழிவுச் சீட்டுகள் முழுவதையும் நினைவில் வைத்திருக்கும் அத்தைக்கும் நினைவில்லாமல் இருந்திருக்காது.

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் கழிவிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். கிளாவர் ஒன்பது. அதைத் தரையில் வைத்தாள். என்னிடம் கிளாவர் இல்லை. ஆர்ட்டின் நாலால் வெட்டினேன். என் கை காலி. அத்தை இரண்டு சீட்டையும் அள்ளிக்கொண்டாள். என் கையில் இருந்தது எது என்று அவளுக்குத் தெரியும். சீட்டை எடுப்பதற்கு முன்பே, என்ன நடக்கும் என்றும் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

மறுநாள் நான் எழுந்தபோது குடங்கள் நிரம்பியிருந்தன, அத்தை ஆலை வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலைவாரியபடியே சொன்னாள்: "மருமகனே, அந்த விதிய ரெண்டு மாதிரியும் ஆடலாம். ஆனா கையில சீட்டு வந்தப்புறம் பேசக்கூடாது. வர்றதுக்கு முந்திப் பேசணும்."

வட இந்தியாவில் இதே ஆட்டத்தை 'பாபி' என்ற பெயரில் ஆடுகிறார்கள் என்பதும், கடைசிச் சீட்டால் பிடித்தவர் கழிவிலிருந்து எடுத்து இறங்கும் வழக்கம் அங்கே உண்டு என்பதும் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதாவது நான் சொன்ன பொருள் பிழையானதல்ல. இதைத் தெரிந்துகொண்டபோது ஒரு நிம்மதி வரவேண்டும் அல்லவா? வரவில்லை. சரியான ஒரு வாசிப்பைத் தவறான நேரத்தில் செய்திருக்கிறேன் என்பதுதான் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

2018 டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்கு அண்ணன் மகன் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்தான். பதினான்கு வயது. பையில் துணியைவிடச் சீட்டுகள் அதிகம். 'மேஜிக்: தி கேதரிங்' என்ற அமெரிக்க ஆட்டம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆய்வாளர் உருவாக்கி 1993இல் வெளிவந்தது. நம் சீட்டுக்கட்டைப் போல எல்லோருக்கும் பொதுவான ஐம்பத்திரண்டு அல்ல. ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே சேர்த்துக்கொண்டு வருவார்கள், ஒவ்வொரு சீட்டிலும் அது என்ன செய்யும் என்று அச்சிட்டிருக்கும். போட்டிகள் நடக்கும், தீர்ப்புச் சொல்ல நடுவர்கள் இருப்பார்கள்.

அவன் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் 'இலக்கு' என்ற சொல்லைப் பற்றியது. ஒரு சீட்டில் அந்தச் சொல் இருந்தால்தான் அது யாரையாவது குறிவைக்கிறது என்று பொருள். சில விலக்குகள் உண்டு, ஆனால் அடிப்படை இதுதான். 'எதிரியால் குறிவைக்க முடியாது' என்ற காப்புள்ள வீரனை, 'ஒருவனைக் குறிவைத்து அழி' என்ற சீட்டால் எதிரி தொடமுடியாது. ஆனால் 'எல்லோரையும் அழி' என்ற சீட்டு விழுந்தால் அந்தக் காப்பு உதவாது. அது யாரையும் குறிவைக்கவில்லையே!

இரண்டாவது பாடம் நேரம். இலக்கைச் சீட்டைப் போடும்போது ஒருமுறையும், அது நிறைவேறும்போது மறுமுறையும் பார்க்கவேண்டும். இடையில் இலக்கே இல்லாமல் போய்விட்டால் சீட்டு ஒன்றும் செய்யாமல் கழிந்துபோகும். 'புஸ்ஸுன்னு போயிரும், சித்தப்பா' என்றான். ஆங்கிலத்தில் அந்த ஆட்டக்காரர்கள் சொல்லும் சொல்லுக்கும் ஏறக்குறைய அதே ஓசைதான். திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "நமுத்த வெடியா?" என்றாள். அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

மூன்றாவது பாடம் ரத்து. போடப்பட்ட சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காத்திருக்கும், கடைசியில் போட்டது முதலில் நிறைவேறும். 1999இல் விதிகளைத் திருத்தியபோது வந்த முறை இது. ஒரு சீட்டு அப்படிக் காத்திருக்கும்போதுதான் அதை ரத்துச் சீட்டால் தடுக்கமுடியும். நிறைவேறிய பிறகு ரத்து செல்லாது. வேறு வழியில் அழிக்கலாம், ஆனால் நடக்கவே இல்லை என்று ஆக்கமுடியாது. அவன் இதைச் சொன்னபோது நான் அத்தையின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த டிசம்பரில் அத்தை வீட்டில் இருந்ததற்குக் காரணம் மழையல்ல. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் உத்தரவு பிறப்பித்திருந்தது. 2015இல் தில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில், நல்ல காற்றைச் சுவாசிக்கும் உரிமை கேட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கு அது. புகையும் இரைச்சலும் குறைந்த பட்டாசுகளுக்கு மட்டுமே அனுமதி. பேரியம் உப்புகளுக்குத் தடை. சரவெடிக்குத் தடை. தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து வரைதான் வெடிக்கலாம். தமிழர்களுக்குத் தீபாவளி என்பது விடியற்காலை என்று தமிழ்நாடு முறையிட்டது. இரண்டு மணி நேரத்தை மாநிலமே தேர்ந்துகொள்ளலாம் என்று அக்டோபர் 30 அன்று நீதிமன்றம் திருத்தியது, காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்று அரசு பிரித்துக்கொண்டது. ஒரு விதியின் சொற்கள் எந்த ஊரை மனத்தில் வைத்து எழுதப்பட்டன என்பது இப்படித்தான் வெளிப்படுகிறது.

பேரியம் நைட்ரேட் பச்சை நிறத்துக்கு மட்டும் போடுவதல்ல, கம்பி மத்தாப்பு முதல் பூச்சட்டி வரை பல சரக்குகளில் சேர்வது. அது இல்லாமல் எதைச் செய்வது என்ற குழப்பத்தில், அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் திறக்கப்படவில்லை. மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. பச்சைப் பட்டாசு என்றால் என்ன என்று ஊரே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தது.

அத்தை பேரனிடம் கேட்டாள்: "பேரு சொல்லித் தடுத்தா அது குறிவச்சதுதான, ஐயா?"

"ஆமா பாட்டி."

"சரம்னு பேரு சொல்லித்தான் எழுதியிருக்காங்களாம். பின்னுற கையப் பத்தி ஒண்ணும் எழுதல. அப்ப அந்தக் கையைக் குறிவைக்கலதான?"

அவன் யோசித்தான். போட்டிகளில் நடுவரைக் கூப்பிட்டுக் கேட்கிற பிள்ளை, பொய்ச் சமாதானம் சொல்லமாட்டான். "குறி வைக்கல பாட்டி. ஆனா வந்து விழுது" என்றான்.

"அது கழுத ஆட்டம்தான்" என்றாள் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை. புகையைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. முப்பது வருடம் மருந்துக்கு நடுவே இருந்தவள், தில்லிக் குழந்தைகளுக்கு மூச்சு முட்டுகிறது என்று தொலைக்காட்சியில் கேட்டபோது 'ஐயோ பாவம்' என்றுதான் சொன்னாள். குழந்தைகளின் மூச்சும் நியாயம், அத்தையின் கூலியும் நியாயம். வெட்டியவரிடம் அந்த இனம் இல்லை, அதனால் வெட்டினார். அந்த நொடியில் பெரிய சீட்டை வைத்திருந்தவர் அள்ளிக்கொண்டார். அள்ளியவர் குற்றம் செய்தார் என்று கழுதை ஆட்டத்தில் யாரும் சொல்வதில்லை. சரவெடித் தடையை 2021 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடியும் வலியுறுத்தியது. அத்தை சரம் பின்னப் பிறகு போகவேயில்லை.

அன்று இரவு கழுதை ஆடலாம் என்று பையன்தான் சொன்னான். அவன் சீட்டைவிட எங்கள் சீட்டு எளிது என்று நினைத்திருப்பான். அத்தை கட்டைக் கலைத்தாள். வயது அறுபத்தொன்று, விரல்களில் பழைய வேகம் அப்படியே இருந்தது. போடத் தொடங்குவதற்கு முன் பையன் கையை நீட்டித் தடுத்தான். போட்டிக்குப் போகிறவர்களின் பழக்கம் அது.

"முதல்ல விதியச் சொல்லுங்க. கடைசிச் சீட்டால ஒருத்தர் பிடிச்சா அவர் வெளிய போயாச்சா, இல்ல கழிவுலருந்து எடுத்து இறங்கணுமா?"

இருபத்தொன்பது வருடம். அத்தை கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் பதில் சொல்லவில்லை. என்னைத்தான் சொல்லவிட்டாள்.

"வெளியே போயாச்சு" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு மருமகனே. அப்புறம் மாத்தக்கூடாது."

"மாத்தமாட்டேன் அத்தை."

அவள் சீட்டைப் போடத் தொடங்கினாள். ஒரு சுற்றுப் போட்டு முடிந்ததும் தலையை நிமிர்த்தாமலே, பையனுக்குக் கதை சொல்கிற குரலில் சொன்னாள்:

"எட்டுக் கொடம்யா. அதுல ரெண்டு, பித்தளைக் கொடம்."

பையன் என்ன குடம் என்று கேட்டான். எங்கள் இருவருக்கும் சீட்டை அடுக்குகிற வேலை இருந்தது.